ஏழு யூனிட்டும் ஒரு பெயிண்ட் வாளியும்

வேலுமணி தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தண்ணீருக்குள் போன கை என்ன ஆனது என்று அவருக்கே தெரியவில்லை. அவ்வளவு பச்சை.

"தமயந்தி, உள்ள மீன் இருக்குதா இல்லையான்னே தெரியல. கீரை கடைஞ்சு ஊத்தின மாதிரி இருக்குது தண்ணி."

"இருக்கும், இருக்கும். எங்க போயிடப் போகுது?" என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ராத்திரி முழுக்க முழிச்சுட்டு வந்திருக்கீங்க. மொதல்ல போய்ப் படுங்க."

"படுத்துக்கலாம். ஞாயித்துக்கிழமைதானே. இன்னிக்கு இதை ஒரு வழி பண்ணிடறேன்."

"எதுக்குங்க? பச்சத் தண்ணிதான் மீனுக்கு நல்லதாம். யூடியூப்ல சொன்னாங்க."

வேலுமணிக்குச் சுருக்கென்றது. யூடியூப் சொல்லித் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. டவுன்ஷிப்புக்குக் குடிதண்ணீர் அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் அவருக்கு இருபத்தொன்பது வருட சர்வீஸ். இந்த ஊரில் இருக்கிற அத்தனை பிளாக்கிலும் காலையில் குழாயைத் திறந்து காப்பி போடுகிறவர்கள், அவர் பார்த்துப் பார்த்து மணலில் வடிகட்டிய தண்ணீரில்தான் போடுகிறார்கள். அப்படிப்பட்டவர் வீட்டுத் தோட்டத்தில், ஆறடிக்கு நாலடித் தொட்டி பாசி பிடித்துக் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் தெளிந்த தண்ணீர், சொந்த வீட்டில் கீரைக்குழம்பு.

தொட்டி, குவார்ட்டர்ஸில் முன்பு குடியிருந்தவர் கட்டி விட்டுப் போனது. மீன்கள் மகள் ஹரிணியுடையவை. அவள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது புதுச்சேரியில் வாங்கி, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழியெல்லாம் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் கொண்டுவந்த ஏழு ஆரஞ்சு நிற மீன்கள். நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கிற இந்த ஊர்ப் பிள்ளை அல்லவா, மீனுக்குப் பெயர் வைக்கச் சொன்னால் மின் நிலைய இயந்திரங்களைப் போல யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று ஏழு வரை வைத்துவிட்டாள். யூனிட் மூன்றுக்கு வெள்ளை வால். யூனிட் ஏழுக்கு நெற்றியில் கறுப்புத் திட்டு.

இப்போது அவள் திருச்சியில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று, பெட்டியை ஏற்றிய பிறகு தொட்டிக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அப்பா, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். பாத்துக்கங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் வேலுமணி தொட்டி ஓரம் பத்து நிமிடம் உட்கார்ந்து ஏழையும் எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். அவள் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அது அவருக்குத் தாங்கவில்லை. அதை யாரிடமும் சொல்லத் தெரியாமல் மீனை எண்ணிக்கொண்டிருந்தார். "கூட்டத்துல விட்டாலும் ஒவ்வொன்னையும் முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று ஷிப்டில் பெருமையடித்துக்கொள்வார். மூன்று மாதமாகப் பாசி. எண்ண முடியவில்லை. மேலே போடும் பொரி குறைகிறது, அதனால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

வரும் வெள்ளிக்கிழமை ஹரிணி தீபாவளிக்கு வருகிறாள்.

அந்த ஞாயிறு காலையே வீடியோ காலில் அவளிடம் சொல்லியும் விட்டார். "கண்ணு, இந்தத் தடவை நீ வரும்போது ஏழு யூனிட்டையும் கண்ணாடி மாதிரி காட்டறேன் பாரு."

ஹரிணி அவசரமாகக் குறுக்கிட்டாள். "எதுக்குப்பா வீண் சிரமம்? பச்சையாவே இருக்கட்டுமே. நேச்சுரலா இருக்கு."

"உங்கப்பாவால முடியாதுன்னு நெனைக்கறியா?"

"ஐயோ, அதில்லப்பா..."

அதேதான் என்று வேலுமணி முடிவு செய்தார். தாயும் மகளும் சேர்ந்து அவரை நம்பவில்லை. இருபத்தொன்பது வருட சர்வீஸை நம்பவில்லை.

மந்தாரக்குப்பத்தில் கலர் மீன் கடை வைத்திருக்கும் நஜிமுதீனிடம் போய் ஃபில்டர் விலை கேட்டார். அவர் ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தார்.

"ரெடிமேட் சார். தொட்டியில வெச்சு ஸ்விட்ச்ச போட்டா போதும். நாலாயிரத்து ஐநூறு."

"நாலாயிரத்து ஐநூறா? உள்ள என்ன பாய் இருக்குது?"

"பஞ்சுதான் சார் கீது. அப்புறம் கொஞ்சம் கரி."

பஞ்சுக்கும் கரிக்கும் நாலாயிரத்து ஐநூறா! மணிக்கு லட்சக்கணக்கான லிட்டரை வடிகட்டுகிறவன் நான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் வெளியே வந்தார்.

வீட்டில் காலியான இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இருந்தது. பழைய ஏர்கூலரைப் பிரித்து மோட்டாரைக் கழற்றினார். வாளியின் அடியில் ஓட்டை போட்டுக் குழாய் செருகினார். அடியில் ஜல்லி, அதன் மேல் மணல், அதன் மேல் பழைய தலையணைப் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பர் நாலு.

"அது நேத்துதாங்க வாங்கினேன்" என்றாள் தமயந்தி.

"மூணு நாள்ல திருப்பித் தந்துடறேன்."

"மீன் தொட்டியில கெடந்ததை வெச்சுப் பாத்திரம் தேய்க்கச் சொல்றீங்களா? கூலரும் போச்சு, ஸ்க்ரப்பரும் போச்சு. அந்தத் தலையணை எந்தத் தலையணை?"

வேலுமணி பஞ்சை இன்னும் ஆழமாக அமுக்கினார். அது அவளுடைய தலையணை.

மணல், எதிர் குவார்ட்டர்ஸில் ரிப்பேர் வேலைக்காகக் கொட்டியிருந்ததில் கேட்டு வாங்கியது. ஃபில்டரில் போடுவதற்கு முன் மணலை ஏழெட்டுத் தடவை அலச வேண்டும். இதை அவர் இருபத்தொன்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லி வருகிறார். அன்று கண் சொருகியது. முதுகு வலித்தது. ஒரு தடவை அலசினார். மோட்டாரைப் போட்டுவிட்டு, தண்ணீர் சலசலவென்று வாளி வழியாகத் தொட்டிக்குத் திரும்பும் சத்தத்தைக் கேட்டபடியே கட்டிலில் விழுந்தார்.

சாயங்காலம் தமயந்தி எழுப்பினாள். "ஏங்க, வந்து பாருங்க."

மணலில் இருந்த செம்மண் அத்தனையும் தொட்டிக்கு வந்துவிட்டது. பச்சையும் சிவப்பும் கலந்து சாம்பார் நிறத்தில் ஒன்று அங்கே சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்படியே விட்டுடுங்களேன்" என்றாள் தமயந்தி. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

அன்றைய நைட் ஷிப்டில் சக ஆபரேட்டர் சிவசங்கரிடம் விஷயத்தைச் சொன்னார். சிவசங்கர் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன். எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். யோசனை சரியா தவறா என்பதைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை.

"கரி போட்டீங்களாண்ணே? கரி போடாம எப்படித் தெளியும்?"

"கரி இல்லடா. அயர்ன் கடையில கேட்டேன். அவன் கேஸ் பெட்டிக்கு மாறிட்டான்."

"நான் கொண்டாரேன் இருங்க."

திங்கட்கிழமை மத்தியானம் சிமென்ட் சாக்கில் அரை மூட்டை கொண்டுவந்து இறக்கினான். வேலுமணி ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார். பழுப்பாக, மரக்கட்டை போல இருந்தது.

"டேய், இது பழுப்பு நிலக்கரிடா."

"ஆமாண்ணே. டீக்கடை அடுப்புக்கு வாங்கி வெச்சிருந்தாங்க. கேட்டு வாங்கினு வந்தேன்."

"ஃபில்டருக்குப் போடறது மரக்கரி. அது வேற, இது வேற."

"கரின்னா கரிதாண்ணே. இந்த ஊருல குந்திகினு, கரிக்கு எவனாவது அலைவானா? நாடே நம்மகிட்டதான் வாங்குது."

நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு மனிதனுக்கு இது பொருத்தமான வாதமாகத் தோன்றியிருக்காது. மூன்றாவது நைட் ஷிப்ட் முடித்திருந்த வேலுமணிக்குத் தோன்றியது. இரண்டு பேருமாகச் சுத்தியலால் உடைத்து, வாளியில் ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கினார்கள். சிவசங்கர் ஒரு டீயைக் குடித்துவிட்டு, நாளைக்குப் பன்னீராக மாறிவிடும் என்று உறுதி கொடுத்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை தொட்டியில் டிகாஷன் இருந்தது. செம்மண்ணும் பாசியும் இருந்த இடம் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே கறுப்பு மூடியிருந்தது.

அன்று பார்த்து ஹரிணி வீடியோ காலில் தொட்டியைக் காட்டச் சொன்னாள். காட்டினார்.

"அப்பா, கேமராவை விரல் மறைக்குது."

"விரல் இல்ல கண்ணு. தண்ணிதான்."

"ஓ." பிறகு அவள் முகத்தில் எதிர்பாராத ஒரு மலர்ச்சி வந்தது. "சூப்பர்ப்பா! இப்படியே இருக்கட்டும். ஒன்னும் பண்ணாதீங்க."

பிள்ளை தன் மனம் நோகக் கூடாது என்று இப்படிப் பேசுகிறாள் என்று வேலுமணி நினைத்துக்கொண்டார். தோற்றுப்போன அப்பாவுக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். இனிமேல் தெளிய வைக்காமல் விடுவதில்லை.

புதன்கிழமை வாளியைக் கவிழ்த்து நிலக்கரியை எல்லாம் கொட்டினார். வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, படிகாரம் வாங்கிவந்தார். பிளான்ட்டில் செய்வது போலவே, ஆறு டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் வேறுவேறு அளவில் படிகாரம் கரைத்துக் கலக்கினார். நான்காவது டம்ளர் அழகாகத் தெளிந்தது.

"இந்த டம்ளர்ல இனி மனுஷன் காப்பி குடிக்க முடியுமா?" என்றாள் தமயந்தி.

"இதுதான் ஜார் டெஸ்ட். கவர்மென்ட் லேப்லயே இப்படித்தான் பண்ணுவாங்க."

"அவங்க வீட்டு டம்ளர்லயா பண்றாங்க?"

டம்ளர் கணக்கைத் தொட்டிக் கணக்காக மாற்றக் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். இரண்டாவது வரியில் எண்கள் ஊர்ந்தன. மூன்றாவது வரியில் பேனா நழுவியது. கணக்காவது கழுதையாவது என்று எழுந்துபோய், குத்துமதிப்பாக நாலு கை அள்ளிக் கரைத்து ஊற்றிவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

வியாழக்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்தபோது தமயந்தி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளித் துணி எடுக்க பக்கத்து வீட்டுக்காரர்களோடு விருத்தாசலம் போகிறாள். வர இருட்டிவிடும்.

"சோறு மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டுத் தூங்குங்க. தொட்டிகிட்ட போகாதீங்க, சொல்லிட்டேன்."

ஆட்டோ திரும்புவதற்குள் அவர் தொட்டிக்குப் போய்விட்டார்.

தண்ணீர் திரிந்துபோன பால் போலக் கட்டி கட்டியாக மிதந்தது. அந்தக் கட்டிகளுக்கு நடுவே, மூன்று மாதத்துக்குப் பிறகு, ஒரு ஆரஞ்சு முகம் மேலே வந்தது. இன்னொன்று. வெள்ளை வால்! யூனிட் மூன்று! வேலுமணி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு... ஆறு... ஏழு! ஏழும் இருக்குது!" என்று யாருமில்லாத தோட்டத்தில் சத்தமாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனை நாளாயிற்று! கண்ணில் தண்ணீர் முட்டியது.

பிறகுதான் அவை ஏன் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன என்பது உறைத்தது. படிகாரம் அதிகம். மூச்சு முட்டுகிறது.

ஓடினார். துணி துவைக்கும் பெரிய டப்பை எடுத்துவந்து, குழாயைத் திறந்து நிரப்பினார். நல்ல தெளிந்த புதுத் தண்ணீர். சல்லடையால் ஏழையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அதில் விட்டார். அவை ஒரு சுற்றுச் சுற்றின. அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு பிறகு தொட்டியைக் கழுவலாம் என்று பின்வாசல் படியிலேயே சாய்ந்தார்.

விழித்தபோது மணி பத்தரை. டப்பில் ஏழு யூனிட்டும் மல்லாந்து மிதந்தன.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தொட்டித் தண்ணீர் கெட்டது. இது நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீர். அவருடைய தண்ணீர். கையால் அள்ளி மூக்கருகில் கொண்டுபோனார். அப்போதுதான் அந்த வாடை வந்தது. அப்போதுதான், முந்தின இரவு லாக்புக்கில் தன் கையால் எழுதிய வரியும் ஞாபகம் வந்தது. மழைக்காலம். தண்ணீர் கலங்கல். குளோரின் கூட்டப்பட்டது. கையொப்பம், வேலுமணி.

மனிதர்களுக்கு நல்லது. மீனுக்கு விஷம். அவரே கலந்து, அவரே அனுப்பி, அவரே பிடித்து, அவரே கொன்றிருந்தார்.

இருபத்தொன்பது வருடத்தில் அவர் ஷிப்டில் இருக்கும்போது மின் நிலையத்தில் எத்தனையோ யூனிட் ட்ரிப் ஆகி நின்றிருக்கிறது. ஒரே சமயத்தில் ஏழு யூனிட்டும் ட்ரிப் ஆனதில்லை. ஐம்பத்தாறு வயதில் மீனுக்காக அழுவதா என்று யோசித்தார். வீட்டில் யாரும் இல்லை. அழுதார்.

வாழை மரத்தடியில் குழி தோண்டி ஏழையும் வரிசையாக வைத்து மூடினார். முகம் கழுவிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

மந்தாரக்குப்பத்தில் நஜிமுதீன் அப்போதுதான் கடையைத் திறந்து தொட்டிகளுக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், ஏழு மீன் வேணும். ஆரஞ்சு. இத்தனை நீளம். ஒன்னுக்கு வால் வெள்ளையா இருக்கணும். ஒன்னுக்கு நெத்தியில கறுப்பா ஒரு திட்டு."

எதற்கு இப்படி அங்க அடையாளம் சொல்லி மீன் வாங்குகிறீர்கள் என்று நஜிமுதீன் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு வலையை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டார்.

"பழசு என்னா சார் ஆச்சு?"

"குழாய்த் தண்ணியில விட்டுட்டேன் பாய்."

"அடடா. இந்த வாரம் பைப் தண்ணியே வுடக் கூடாது சார். குளோரினு மூக்கைத் துளைக்குது. எவன் டூட்டியில குந்திகினு கொட்டுறானோ தெரியல."

வேலுமணி தொட்டியில் நீந்தும் ஒரு ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த சொட்டு மருந்தை ஊத்திட்டு வுடுங்க, ஒன்னும் ஆவாது. ஆறு கீது சார். நெத்தியில திட்டு வெச்சதுதான் இல்ல. நாளைக்குக் காலைல லோடு வருது. பத்து மணிக்கெல்லாம் வூட்டாண்டயே கொண்டாந்து தரேன். அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "பாய், வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது."

"தெரியாது சார்" என்றார் நஜிமுதீன், இதெல்லாம் தொழிலில் சகஜம் என்பது போல.

அன்று பகல் முழுவதும் வேலுமணி தூங்கவில்லை. தொட்டியை வாளி வாளியாக இறைத்துக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். மணலைப் பத்துத் தடவை அலசினார். நிலக்கரி இல்லை, படிகாரம் இல்லை. ஜல்லி, மணல், பஞ்சு, ஸ்க்ரப்பர். சொட்டு மருந்தை ஊற்றிக் காத்திருந்து, ஆறு மீனையும் விட்டார். மோட்டாரைப் போட்டார்.

ஃபில்டர் வேலை செய்தது. பிரமாதமாக வேலை செய்தது. அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. பெயிண்ட் வாளியும் கூலர் மோட்டாரும் தந்த இவ்வளவு தெளிவான தண்ணீரை அவர் பிளான்ட்டில்கூட எடுத்ததில்லை. கொஞ்சம்கூடச் சந்தோஷம் வரவில்லை.

சாயங்காலம் பைகளோடு வந்த தமயந்தி, சத்தத்தைக் கேட்டு நின்றாள்.

"தண்ணி தெளிஞ்சிடுச்சா?"

"ம்."

அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது. "இருட்டிடுச்சு. காலைல பாத்துக்கலாம்" என்று உள்ளே போய்விட்டாள். நல்ல வேளை என்று அவரும் டூட்டிக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை திரும்பி வந்தபோது, தமயந்தி தொட்டி ஓரத்தில் நின்றிருந்தாள். கையில் ஒரு பிடி மண்.

"என்ன பண்றே?"

"துளசிக்குப் போடலாம்னு" என்றாள். துளசி வீட்டின் மறுபக்கத்தில் இருந்தது. அதைக் கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை.

ஹரிணியின் பஸ் பன்னிரண்டு மணிக்கு. நஜிமுதீன் பத்து மணிக்கு. இடையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று வேலுமணி கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஒன்பதரைக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. தோழியின் அப்பா அந்த வழியாக வந்ததால் ஹரிணி அதிலேயே வந்து இறங்கிவிட்டாள்.

வேலுமணி தொட்டிக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றார். ஆனால் ஹரிணி தொட்டிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

"மீனைப் பாக்கலையா கண்ணு?" என்று, கேட்காமல் இருந்தால் சந்தேகம் வருமே என்பதற்காகக் கேட்டார்.

"அப்புறம் பாக்கறேன்ப்பா. பசிக்குது."

"ஆமா, மொதல்ல சாப்பிடட்டும்" என்றாள் தமயந்தி அவசரமாக.

"மெதுவா பாக்கலாம்" என்றார் வேலுமணியும். குடும்பத்தில் இப்படி ஒரு ஒற்றுமை பல வருடமாக இருந்ததில்லை.

அதைக் கெடுக்க சிவசங்கர் வந்து சேர்ந்தான், கையில் ஸ்வீட் டப்பாவோடு. வந்தவன் நேரே தொட்டிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"அண்ணே! பன்னீர்ணே! நான் சொல்லல? ஹரிணி, இங்க வாம்மா! ஒங்கப்பா ஒரு வாரமா தூக்கமில்லாம ஒனக்காவ பண்ணதைப் பாரு! அண்ணி, நீங்களும் வாங்க!"

வேறு வழியில்லை. மூன்று பேரும் வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் ரொம்பக் கிட்டே போகவில்லை.

"எப்படிம்மா கீது?" என்றான் சிவசங்கர்.

"சூப்பரா இருக்கு" என்றாள் ஹரிணி. "அதோ, யூனிட் மூணு. வெள்ளை வால். அப்படியே இருக்குல்ல? மாறவே இல்லல்ல?"

"கொஞ்சம்கூட மாறல" என்றாள் தமயந்தி.

"புதுச்சேரியில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ, அதே முகம்" என்றார் வேலுமணி.

"ஒம்பது வருஷம்" என்றாள் ஹரிணி.

"ஒம்பது வருஷம்" என்றார்கள் மற்ற இருவரும்.

சிவசங்கர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். "அண்ணே, ஆறுதானே இருக்கு?"

"ஒன்னு கல்லுக்கு அடியில இருக்கும்!" என்று மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் சொல்லின.

ஹரிணி மெல்ல நகர்ந்துவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தேங்க்ஸ்ப்பா. ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க." அவள் கண் கலங்கியிருந்தது. நம்பி விட்டுட்டுப் போறேன் என்றவளிடம் இப்படிப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறோமே. போதும். இப்போதே சொல்லிவிட வேண்டியதுதான். கொன்றது நான்தான், என் தண்ணீர்தான் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

"கண்ணு, உங்கிட்ட ஒன்னு சொல்லணும்..." என்று வாயைத் திறந்தார்.

கேட்டருகே ஹாரன் அடித்தது. டி.வி.எஸ். வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்தபடி நஜிமுதீன் உள்ளே வந்தார். பைக்குள், நெற்றியில் கறுப்புத் திட்டோடு ஓர் ஆரஞ்சு மீன் சுற்றிக்கொண்டிருந்தது.

வேலுமணி பதறிப்போய்க் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், கையை மடக்கிப் போ போ என்றார். நஜிமுதீன் அதைக் கவனிக்கவில்லை. அவர் தமயந்தியைப் பார்த்தார். ஹரிணியைப் பார்த்தார். மறுபடி வேலுமணியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, மூணு பேரும் ஒரே வூடுதானாங்க? ஆளுக்கு ஒருதபா தனித்தனியா வந்து, 'வீட்ல யாருக்கும் தெரியக் கூடாது பாய்'னு சொல்லி, இதே ஏழு மீனை வாங்கினு போனீங்களே!"